மஞ்சள் பொட்டு வைத்த காசோலைகள்

போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் தேவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வங்கியின் கார்டு மையத்தில் எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவள். இப்போது அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிறாள். செக் என்பதே மறைந்துகொண்டு வரும் காலம் என்பதால், பழைய விதிகளைக் களையெடுக்கும் வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்களாம்.

"அக்கா, கிரெடிட் கார்டு செக்குக்கு ஒரு ரூல் பாத்தேன். வட்டி, கட்டணம், கடைசித் தேதி எல்லாம் செக் இருக்கிற அதே தாள்லதான் இருக்கணுமாம். வேற தாள்ல போட்டு அனுப்புனா, சொன்னதாவே கணக்கு இல்லையாம். யாரு லா இவ்வளவு பிடிவாதமா எழுதினது?"

"எழுதினது எங்க பழைய மேலாளர் புவான் ரோஹானி. ஏன் எழுதினாங்கன்னு கேளு."

கேட்டாள். நானும் ஆரம்பித்தேன். அதற்குள் பாயசம் வந்தது, மைக்கைப் பிடித்து யாரோ பாட ஆரம்பித்தார், பாட்டு என்றால் அப்படி ஒரு பாட்டு, பாதிக் கதை அதிலேயே அமுங்கிப்போனது. மீதிப் பாதி வீட்டுக்கு வந்தும் என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். எழுபதுகளின் கடைசியில் வங்கியின் செக் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. செக்கை விசிறி போல விரித்துப் பார்க்கவும், கையெழுத்துகளை ஒப்பிடவும், மேலதிகாரி முறைக்கும்போது சிரிப்பை அடக்கவும் கற்றுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். பிறகு கிரெடிட் கார்டு வந்தது, அதற்கென்று ஒரு மையம் திறந்தார்கள், என்னையும் அங்கே தூக்கிப் போட்டார்கள்.

என் மேசை ஜன்னல் ஓரம். வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மத்தியானம் ஆனால் அதன் நிழல் மெல்ல உள்ளே வந்து என் காகிதங்கள் மேல் படுத்துக்கொள்ளும். குளிர்சாதனத்தின் ரீங்காரமும் செக் படிக்கும் இயந்திரத்தின் சலசலப்பும் சேர்ந்து ஆளைத் தாலாட்டும். நான் விழித்துக்கொண்டே கனவு காணும் ஜாதி. வீட்டில் அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அலுவலகத்தில் மட்டும் அது எப்படியோ வேலைக்கு உதவியது.

எப்படி என்று சொல்கிறேன். செக்கின் அடிப்பக்கத்தில் காந்த மையால் அச்சடித்த எண்கள் இருக்கும். இயந்திரம் அதைத்தான் படிக்கும். படிக்க முடியாததைத் துப்பிவிடும். துப்பியதெல்லாம் என் மேசைக்கு வரும், நான் கண்ணால் பார்த்துச் சரி செய்ய வேண்டும். அப்படி வந்தவற்றில் ஒரு வகை எனக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, சில சமயம் நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்த செக்குகள். அடிமூலை மஞ்சள் எண்கள் மேல் ஈஷிக்கொண்டால் இயந்திரத்துக்குக் கண் தெரியாது.

"விமலா, கறி செக் வந்திருச்சு!" என்று பக்கத்து மேசை ஸ்வீ லான் கத்துவாள்.

"கறி இல்லடி, மஞ்சள். மங்கலம். உனக்கெங்க தெரியப்போவுது" என்பேன். அவளும் விடாமல் கறி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொன்றையும் எடுக்கும்போது மஞ்சள் வாசம் விரலில் ஏறும். எழுதியவர் வீட்டு சாமி மேடை, பக்கத்தில் எரியும் விளக்கு, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் என் கண்முன் வந்து நிற்கும். மேருவிலும் கிள்ளானிலும் உள்ள எத்தனையோ வீடுகளுக்குள் நான் அந்த மேசையிலிருந்தபடியே போய் வந்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மஞ்சள் வைத்து வந்தவற்றில் முக்கால்வாசி கார்டு செக்குகள். அந்த நாளில் வங்கி கேட்காமலே அவற்றை அனுப்பும். ஒரு தாளின் மேல்பாதியில் உங்கள் பெயர் பொன்னிறத்தில் மின்னும், கீழே கிழித்தெடுக்கிற மாதிரி செக்குகள். பார்ப்பதற்குச் சாதாரண செக் மாதிரியேதான் இருக்கும். ஆனால் சாதாரண செக் போட்டால் உங்கள் கணக்கில் இருக்கும் பணம் போகும். இது போட்டால் வங்கி உங்களுக்குக் கடன் கொடுத்ததாக அர்த்தம். கார்டைக் கடையில் தேய்த்தால் பில் கட்டும் கெடு வரை வட்டி இல்லை. இதற்கு அந்தச் சலுகை கிடையாது, முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், தனியாகக் கட்டணமும் உண்டு. அதோடு ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு செக் செல்லாது.

இவ்வளவும் எங்கே எழுதியிருந்தது என்கிறீர்களா? உறைக்குள்ளேயே கூட வைத்த பளபளப்பான பிரசுரத்தில். முன்பக்கம் கடற்கரையும் தென்னை மரமும். பின்பக்கம் எறும்பு எழுத்தில் நிபந்தனைகள். செக் இருந்த தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. யோகம் அடித்தது என்று நம் ஜனங்கள் அதற்கு மஞ்சள் வைத்தார்கள். பெயர் போட்டு, பொன் எழுத்தில், வீடு தேடி வந்தால் யார்தான் வைக்க மாட்டார்கள்?

புவான் ரோஹானி எங்கள் மேலாளர், புவான் என்பது மலாயில் அம்மா என்று மரியாதையாக அழைப்பது. மெலிந்த உடம்பு, எப்போதும் வெளிர் நிறத்தில் பாஜு கூரோங் என்ற நீண்ட மலாய் உடை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எதையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, விரலை வரிமேல் ஓட்டி, வாய்விட்டுப் படிப்பார். படித்து முடித்ததும் "இதை யார் படிப்பாங்க?" என்று மலாயில் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பிப் போனவர்கள் நிறைய. எனக்கு அவரைப் பார்த்தால் பயம் கிடையாது, ஆனால் அவர் அறைக்குள் போகும்போது முந்தானையைச் சரி செய்துகொள்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தை முடியப்போகும் நேரத்தில், கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாணிக்கம், போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவர் மனைவி சரோஜா. மகள் கோமதி. தமிழ் பேசத் தெரிந்தவள் என்று கவுண்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் வணக்கம் சொன்னேன், தலை நிமிரவில்லை. சரோஜாதான் பேசினார்.

"அவரு பேச மாட்டாரு, அக்கா. இப்பல்லாம் யாருகிட்டயும் பேசுறதில்ல. நான் சொல்றேன்."

கார்த்திகையில் கோமதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மேருவில். மாப்பிள்ளையின் கோட்டுக்கும் மோதிரத்துக்கும் என்று மாணிக்கம் ஒரு கார்டு செக்கை எழுதி, மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகம் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். அடுத்தது மார்கழி. மார்கழியில் கல்யாணச் சீரைத் தொடக் கூடாது என்று அவர் செக்கை சாமி மேடையிலேயே வைத்துவிட்டார். செக் என்றால் ஆறு மாதம் செல்லும் என்பது ஊரறிந்த விஷயம்தானே. பொங்கல் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து வங்கியில் போட்டார்.

செக் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கார்டு செக்கின் கடைசித் தேதி ஆங்கில வருடத்தோடு முடிந்துபோயிருந்தது.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. கார்டு செக்குக்குத் தேதி முடிந்துவிட்டது என்று சொல்ல எங்களிடம் தனி முத்திரை கிடையாது. பொதுவாக எல்லாவற்றுக்கும் போடுகிற முத்திரையைத்தான் போட்டு அனுப்பியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவரையே கேட்டுக்கொள்ளவும் என்று அர்த்தம் வரும் ஆங்கிலம். படிக்க மரியாதையாகத்தான் இருக்கும். கிள்ளான் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அதற்கு ஒரே அர்த்தம்: இந்த ஆளிடம் காசு இல்லை.

"சம்பந்தம் பேசுனவரு நேரா ஹார்பருக்கே வந்துட்டாரு" என்றார் சரோஜா. "கிடங்கு வாசல்ல, அத்தன லோரிக்காரங்க முன்னால. தாம்பூலத்துல வெச்சு ஏமாத்துன ஒரே ஆளு நீதான்யான்னு கேட்டு, அந்தச் செக்க இவரு சட்டப்பையில சொருவிட்டுப் போயிட்டாரு. கல்யாணம் நின்னமாதிரிதான்."

"அப்பா பொய் சொல்லல, ஆன்டி" என்றாள் கோமதி. "பேங்க்ல ஏதோ தப்புன்னு அப்பா சொன்னா, அப்ப பேங்க் வந்து சொல்லட்டும்னு மாப்பிள்ளையோட அப்பா சொல்றாரு. எந்த பேங்க் வரும்?"

நான் அவர்களைப் புவான் ரோஹானியிடம் அழைத்துப் போனேன். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். மார்கழி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார், விளக்கினேன்.

"நோன்பு மாசத்துல நாங்க கல்யாணம் வைக்க மாட்டோமே, அந்த மாதிரி" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. பிறகு சரோஜாவிடம் மலாயில் கேட்டார். "கடற்கரைப் படம் போட்ட தாள் ஒண்ணு கூட வந்திருக்குமே, பாத்தீங்களா?"

"வந்துச்சு, புவான். அழகா இருந்துச்சு. அலமாரிக் கதவுல ஒட்டிட்டேன்."

நிபந்தனைகள் அச்சடித்த பக்கம் பசையோடு மரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. புவான் ரோஹானி சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்கு வரி வரியாகச் சொன்னார். வட்டி முதல் நாளே ஓடும் என்பதையும் மறைக்கவில்லை. செக்கை இப்போது ஏற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியும், ஆனால் அது கடன்தான், தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்றார்.

சரோஜா கணவரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "வேணாம், புவான். பணத்துக்கு நாங்க வேற வழி பாத்துக்குறோம். அவரு ஏமாத்தலன்னு மட்டும் யாராவது வந்து சொல்லணும். அது போதும்."

மாணிக்கம் அப்போதும் நிமிரவில்லை. அவர் கைகள் மட்டும் முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தன.

அவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, விளம்பரப் பிரிவின் தலைவரை அழைத்தார் புவான் ரோஹானி. அவர் வந்ததுமே பிரசுரத்தைத் தூக்கிக் காட்டினார். "எல்லாம் இதுல இருக்கே. நாம சொல்லிட்டோம். படிக்காதது அவங்க தப்பு."

புவான் ரோஹானி மேசைப் பக்கம் திரும்பினார். அனுப்பத் தயாராக இருந்த உறை ஒன்றை எடுத்தார். அறை மூலையில் இருந்த குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். வேலை முடிந்து களைத்து வந்த பெண் வீட்டில் கடிதம் பிரிப்பாளே, அப்படிப் பிரித்தார். உறை கூடைக்குள் போனது. பிரசுரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுவும் போனது. பெயர் போட்ட தாள் மட்டும் கையில் நின்றது. அதைத் தூக்கிப் பிடித்தார்.

"கையில நிக்கிறதுதான் நாம சொன்னது. கூடையில இருக்கிறத நாம யாருக்கும் சொல்லல."

 தலைவர் கூடையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். தேவி கேட்ட விதி அந்த இடத்தில்தான் பிறந்தது. அடுத்த முறை போன தாள்களில், செக்குக்கு மேலேயே, பெரிய எழுத்தில், தமிழ் உட்பட நான்கு மொழியிலும் அத்தனையும் இருந்தன. கடைசித் தேதி செக்கின் முகத்திலேயே ஏறியது. தேதி முடிந்தவற்றுக்குத் தனி முத்திரையும் வந்தது. விளம்பரப் பிரிவுக்காரர்கள் தாளின் அழகு போய்விட்டதே என்று புலம்பினார்கள். புலம்பட்டுமே!

விதி எழுதியாகிவிட்டது, சரி. கோமதிக்கு என்ன ஆனது என்றுதானே கேட்பீர்கள்? ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று நான் கேட்டேன். புவான் ரோஹானி தன் கைப்பையை எடுத்தார். "கடிதத்தை யார் படிப்பாங்க? வா, மேருவுக்குப் போவோம்."

மறுநாள் காலை வங்கிக் காரில் கிளம்பினோம். அப்படி ஒரு மழை. வைப்பர் அசைய அசைய ஃபெடரல் நெடுஞ்சாலை கரைந்து கரைந்து திரும்ப உருவானது. செம்பனைத் தோட்டங்கள், தொழிற்சாலைப் புகை, நனைந்துகொண்டு போகும் மோட்டார்சைக்கிள்கள், எல்லாம் தூக்கத்தில் பார்ப்பது போலப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கோமதியின் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபம், நாதஸ்வரம், வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்கள். மாணிக்கம் மட்டும் அந்தக் கனவிலும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறுமுகம் கொஞ்சம் விறைப்பான மனிதர். தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர், வெள்ளை பனியன், நெற்றி நிறைய திருநீறு. வங்கியிலிருந்து வருகிறோம் என்றதும் திகைத்து நின்றார். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். புவான் ரோஹானி உட்காரவில்லை.

"புக்கான் சாலா டியா. சாலா காமி" என்றார். மாணிக்கம் மேல் தப்பில்லை, தப்பு எங்களுடையது. பிறகு கையோடு கொண்டுவந்த தாளைக் காட்டி, தேதி இதில் எங்கும் இல்லை பாருங்கள், வேறு தாளில் ஒளிந்திருந்தது, அவருக்கும் தெரிய வழியில்லை, உங்களுக்கும் தெரிய வழியில்லை என்று விளக்கினார்.

ஆறுமுகம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது. திடீரென்று என்னைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தார்.

"இதத்தானம்மா அந்த மனுசனும் சொன்னாரு. கைய எடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு. நான் காதுல வாங்கலியே. பேங்க் வந்து சொன்னாத்தான் நம்புவேன்னு திமிரா பேசினேன். இப்ப பேங்க் வந்திருச்சு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவரப் பாக்குறது?"

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். விறைப்பான ஆண்கள் அழுவதை என்னால் தாங்கவே முடியாது.

"அவரு வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டார். நான் அதை மலாயில் சொன்னேன். புவான் ரோஹானி அவரையே பார்த்தார்.

"அன்னைக்கு எங்க வெச்சு அவர அப்படிச் சொன்னீங்க?"

 ஆறுமுகம் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார். எங்கள் காரிலேயே ஏறி உட்கார்ந்தார்.

போர்ட் கிள்ளான் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. வெயில் பட்டு ஈரத் தரையிலிருந்து ஆவி எழுந்தது. தூரத்தில் துறைமுகப் பாரந்தூக்கிகள் அந்த ஆவிக்குள் மங்கலாக மிதந்தன. கிடங்கு வாசலில் லோரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. உள்ளே மாணிக்கம் ஃபோர்க்லிஃப்டில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். ஆறுமுகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. இன்னொரு தடவையா என்று பயந்திருப்பார், பாவம்.

ஆறுமுகம் வாசலில் நின்ற முதல் லோரிக்காரரிடம் போனார். "அண்ணே, இஞ்சின நிறுத்துங்க. ஒரு விசயம் சொல்லணும்." அவர் நிறுத்தினார். அடுத்தவரும் நிறுத்தினார். ஒவ்வொன்றாக உறுமல் அடங்கி, அந்த இடமே வினோதமான அமைதிக்குள் போனது. மூட்டை தூக்குபவர்கள், மேஸ்திரிகள், கணக்கர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள்.

"அன்னைக்கு இங்க இருந்தவங்க எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் ஆறுமுகம்.  "இவர ஏமாத்துக்காரர்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். தப்பு. இவரு ஏமாத்தல. பேங்க்காரங்களே வந்து சொல்லிட்டாங்க. ஆனா அவங்க சொல்ற வரைக்கும் நான் காத்திருந்திருக்கக் கூடாது. இவரு சொன்னப்பவே நம்பியிருக்கணும். அது என் தப்பு."

 மாணிக்கம் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு இறங்கினார். கையுறைகளை மெதுவாகக் கழற்றினார். ஈரத்தரையில் நடந்து வந்து ஆறுமுகத்தின் முன்னால் நின்றார்.  இத்தனை நாளாகத் தரையைப் பார்த்திருந்த முகம் நிமிர்ந்தது. ஆறுமுகத்தின் சட்டையில் மாறிப் போட்டிருந்த பொத்தானைப் பார்த்தார், அவர் கண்ணைப் பார்த்தார்.

"சாப்டீங்களா, சம்பந்தி?" என்றார்.

என்ன சொல்கிறார் என்று புவான் ரோஹானி என் கையைத் தொட்டுக் கேட்டார். 

"கல்யாணம் நடக்கும்னு சொல்றாரு, புவான்" என்றேன்.